சொல்லாமல் கொடுத்த தண்ணீர்

என் பெயர் சலோமி. முசரவாக்கத்தில் இருக்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூலைச் சாயத்தில் தோய்த்து அலசுகிற வேலை. என் கணவர் தேவராஜ், ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பேருந்து ஓட்டுகிறார். "ஓட்டுகிறார்" என்று இன்றைக்கு எழுத முடிகிறதே, அதற்காகத்தான் ஆண்டவருக்கு முன்னாலும் உங்களுக்கு முன்னாலும் இந்தச் சாட்சியோடு நிற்கிறேன்.

சபையார் சிலர், "இதைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாயே" என்று நினைப்பீர்கள். சொன்னேன், ஆனால் பாதியைத்தான் சொன்னேன். எனக்கு வசதியான பாதி அது. மீதியை ஏன் விழுங்கினேன் என்பதும் இதிலேயே வரும்.

போன ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம். இவர் வண்டியைக் கல்லூரியில் நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் வயிறு தப்பு மேளம் போல ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பல வருடத்துக்கு முன்னால் இவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. அந்தப் பழைய தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிட்டது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன் முடிந்தது. "நல்லா முடிஞ்சிது, அடைப்ப எடுத்துட்டோம்" என்று பெரிய டாக்டர் சொன்னதும் நான் அங்கேயே தரையில் மண்டியிட்டு அழுதேன்.

கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். கஷ்டமே அப்புறம்தான் ஆரம்பித்தது, அதுவும் என் கையால்.

எங்கள் மகள் பத்து நாள் குழந்தையோடு செங்கல்பட்டில் இருந்தாள், அவளால் வர முடியாது. ஆகவே கூட இருந்தது நான் ஒருத்திதான். இவர் மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் விட்டிருந்தார்கள். அதன் மறுமுனையில் ஒரு பை தொங்கும். வயிற்றில் சேருகிற நீரெல்லாம் அதில் வந்து விழும். வார்டில் இருந்த வசந்தா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, இரண்டே விஷயம் சொன்னார்.

"இங்க பாரும்மா. குடல் இன்னும் தூங்கிக்கினு இருக்குது. அது முழிச்சிக்கிட்டா காத்து பிரியும். அது வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி போவக் கூடாது. தாகம்னு கேப்பாரு, கெஞ்சுவாரு. பஞ்ச நனைச்சி உதட்டத் தொடை, அவ்ளோதான். ரெண்டாவது, இந்தப் பையில எவ்ளோ வருது, வாயில எவ்ளோ போவுதுன்னு நாங்க எழுதணும். நா கேக்கும்போது உள்ளத உள்ளபடி சொல்லு."

தலையை ஆட்டினேன். பதினெட்டு வருடமாகச் சாயத் தொட்டியில் அளவு பார்த்து வேலை செய்கிறவள் நான். அளவைப் பற்றி எனக்கு வேறொருத்தர் சொல்லித் தர வேண்டுமா என்றுகூட மனசுக்குள் ஒரு திமிர்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் பாஸ்டர் ஐயா வந்து ஜெபித்தார். போகும்போது ஒரு பெரிய பாட்டிலில் ஜெபத் தண்ணீர் கொடுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவரவர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைப்போம். ஐயா அதன்மேல் கை வைத்து ஜெபிப்பார். அதை எடுத்துப் போய் வீட்டில் நோயாளிக்குக் கொடுப்போம். பாட்டில் பாதி குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொள்வோம். அப்படி நிரப்பினால் முழுவதும் ஜெபத் தண்ணீர்தான் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. ஐயா அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை, நாங்களாகவே பழகிக்கொண்டது.

"நாக்குல ஒரு சொட்டு வச்சி ஜெபம் பண்ணும்மா" என்றுதான் ஐயா சொன்னார். ஒரு சொட்டை ஒரு குடமாக்கியது நான்.

முதலில் ஒரே ஒரு ஸ்பூன் கொடுத்தேன். இவர் கண்ணைத் திறந்து, "இன்னும் ஒரு வாய், சலோமி" என்றார். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் உங்களில் எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள்? இன்னொரு ஸ்பூன். அப்புறம் அரை டம்ளர். பக்கத்தில் இருந்த மறைப்புத் துணியை இழுத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி கொடுத்தேன். மறைத்துக் கொடுக்கிறபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் அளவு எழுதுகிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "வாயில எதுனா குடுத்தியாம்மா?"

"இல்ல சிஸ்டர்."

பொய் சொல்லுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி. நான் கொடுத்தது ஜெபம். இரண்டும் வேறு வேறு என்று என் புத்தி எனக்குக் கணக்குச் சொன்னது.

பக்கத்துக் கட்டிலில் காமாட்சியக்கா இருந்தார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பம். அவர் வீட்டுக்காரருக்கும் வயிற்றில்தான் ஆபரேஷன். வியாழக்கிழமை காலை அவர் கோயிலிலிருந்து விபூதியும் சின்னக் கிண்ணத்தில் தீர்த்தமும் கொண்டுவந்தார். வந்ததும் வராததுமாக நேராகச் சிஸ்டரிடம் போய், "இதக் குடுக்கலாமாம்மா?" என்று கேட்டார். "நெத்தியில வைங்க, வாயில வேணாம்" என்றார் சிஸ்டர். அக்கா அப்படியே செய்தார். நான் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். சாமி தீர்த்தத்துக்குச் சிஸ்டரிடம் அனுமதி கேட்கிற நம்பிக்கை என்ன நம்பிக்கை என்று நினைத்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், நினைத்தேன்.

வியாழக்கிழமை பூராவும் கொடுத்தேன். பாட்டில் குறைய, வராண்டாவில் இருந்த சுத்திகரிப்புக் குழாயில் பிடித்து நிரப்பினேன். மறுபடியும் குறைந்தது, மறுபடியும் நிரப்பினேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. மூக்குக் குழாயின் பை சீக்கிரம் சீக்கிரம் நிறைந்தது. கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இவர் வேறு ஆளாக இருந்தார்.

கூப்பிட்டால் திரும்பவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. விரலெல்லாம் மரத்துப் போகிறது என்று முனகினார். வயிறு மறுபடி உப்பியது. காற்று பிரியவில்லை. டாக்டர்கள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு மெஷினை வைத்தார்கள். அதில் கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே நடுநடுவே ஒன்று தாறுமாறாகத் துள்ளும். பத்து மணி சுமாருக்கு இவர் வலது கால் கட்டிலின் கம்பியை அழுத்த ஆரம்பித்தது.

"பிரேக் புடிக்கலடி. புள்ளைங்கள எறங்கச் சொல்லு. எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க. நீ வீட்டுல இருக்குற, படு" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பின்னாடி ஒரு பொண்ணு நின்னுக்கினு இருக்குது பாரு, அத எறக்கு, அத எறக்கு..."

முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனுஷன் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டார். அந்த நிமிஷம் எனக்குச் செத்துவிடலாம் என்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? துணியை இழுத்து மறைத்துவிட்டு இன்னும் ஒரு டம்ளர் கொடுத்தேன். விசுவாசம் போதவில்லை, அதனால்தான் இப்படி ஆகிறது, இன்னும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வார்டில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். அவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "அம்மா, அவர் ரத்தத்துல உப்பு ரொம்பக் கொறஞ்சிருக்கு. பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு, அது அதவிட மோசமா எறங்கியிருக்கு. அமிலம் கொறஞ்சி காரம் ஏறியிருக்கு. அதனாலதான் இந்தக் கொழப்பம், இந்த இழுப்பு. இதயமும் தடுமாறுது. டிரிப்ஸ்ல ஏத்துறோம். ஆனா ஏத்த ஏத்த எங்கயோ போயிடுது. எங்க போவுதுன்னுதான் எங்களுக்குப் புரியல."

சனிக்கிழமை காலையில் இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை. இன்னும் இறங்கியிருந்தது. பெரிய டாக்டர் வந்தார். அட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். "வாயில ஒண்ணும் போகல. ஆனா குழாய்ல இவ்ளோ வருது. அப்போ உள்ள அடைப்பு இன்னும் இருக்குதுன்னு அர்த்தம். மத்தியானம் மூணு மணிக்குத் திரும்பத் திறந்து பாத்துடலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த நெலமையில மயக்க மருந்து குடுக்குறது ஆபத்துதான்மா. மேசையிலயே எது வேணா ஆவலாம். விட்டுட்டுப் பாக்கவும் முடியல. கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டு ஜெபித்தேன். அழகான ஜெபம் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, இந்தக் குழாயில் ஏன் இவ்வளவு வருகிறது? இந்த டாக்டர்களுக்குத் தெரியவில்லை. நீரே காட்டும். அவர்கள் கண்ணைத் திறந்துவிடும்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

எழுந்து கட்டிலுக்கு வந்தேன். வசந்தா சிஸ்டர் பையைக் கழற்றி அளவுக் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கத்தில் வெயில் அடித்தது. குவளையை வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்தார். நானும் பார்த்தேன்.

அந்தத் தண்ணீரின் நிறம் எனக்குத் தெரியும்.

பட்டறையில் சாயம் ஏறிய நூல் கட்டை, கழி என்போம், அதை மூன்று தொட்டியில் அலசுவோம். முதல் தண்ணீர் கெட்டியாக இறங்கும். இரண்டாவது கொஞ்சம் வெளுக்கும். மூன்றாவது அலசலில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்தே எத்தனை தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். முதலாளியே இதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். ஆபரேஷன் முடிந்த செவ்வாய்க்கிழமை அந்தப் பையில் வந்தது கரும்பச்சை, பாசி போல. இப்போது சிஸ்டர் கையில் இருந்தது மூன்றாவது அலசல் தண்ணீர்.

உள்ளே அடைப்பு இருந்து ஊறுகிற தண்ணீர் இப்படி வெளுக்காது. யாரோ தண்ணீர் ஊற்றினால்தான் வெளுக்கும். ஊற்றியது யார்?

கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. டாக்டருக்குக் காட்டும் என்றேன். ஆண்டவர் எனக்குக் காட்டினார்.

உடனே ஓடிப் போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. நின்றேன். சொன்னால் இந்த வார்டே என்னைக் காறித் துப்பும் என்று நினைத்தேன். எங்கள் சபையின் பெயர் கெடும், பாஸ்டர் ஐயாவின் ஜெபத்தைக் கேலி பேசுவார்கள் என்று நினைத்தேன். புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீதான் கொன்றாய் என்று என் மகளே சொல்வாள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பழி ஆபரேஷன் மேல் போகும். இப்படியெல்லாம் யோசித்தவள்தான் நான். மணி பன்னிரண்டு அடித்திருந்தது. மூன்று மணிக்கு இவரை உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இவர் கால் இன்னும் அந்த இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "சிஸ்டர், அது கொடல் தண்ணி இல்ல. நா குடுத்த தண்ணி."

"இன்னாமா சொல்ற?"

"புதங்கிழமலருந்து குடுத்துக்கினு இருக்குறேன். ஜெபத் தண்ணி. நீங்க கேக்கும்போதெல்லாம் இல்லன்னேன்."

அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. டாக்டரம்மாவைக் கூட்டிவர ஓடினார்.

டாக்டரம்மா என் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "நான் திட்ட மாட்டேன். எவ்ளோ குடுத்தீங்க? டம்ளர் கணக்குல யோசிச்சிச் சொல்லுங்க. சரியாச் சொன்னாதான் அவருக்கு நல்லது." பாட்டிலைக் காட்டினேன். எத்தனை தரம் நிரப்பினேன் என்று விரல் விட்டு எண்ணினேன். என் விரல்கள் போதவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அம்மா, நீங்க ஊத்துன தண்ணி சும்மா வெளிய வரல. வயித்துல இருந்த உப்பு, அமிலம் எல்லாத்தையும் அலசி எடுத்துக்கிட்டு வந்திருக்கு. கொஞ்சம் உள்ள எறங்கி ரத்தத்தையும் நீர்க்க வச்சிடுச்சி. உப்பு வெளிய போச்சின்னா பொட்டாசியமும் கூடவே போவும். அது போயிட்டா கொடலு அசையாது. அசையலன்னதும் நாங்க அடைப்புன்னு நெனச்சோம். இவ்ளோ மயக்கத்துல இருக்குறவருக்கு அந்தத் தண்ணி மூச்சுக்கொழாய்ல போயிருந்தா என்னாகியிருக்கும்?"

அலசி என்று அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதை விளக்க வேறு யாரும் வர வேண்டியதில்லை. பதினெட்டு வருடமாக நான் செய்கிற வேலை அதுதான்.

பெரிய டாக்டர் திட்டினார். வார்டே திரும்பிப் பார்க்கத் திட்டினார். "மூணு நாளா எங்கள முட்டாளாக்கியிருக்கீங்க. இன்னும் மூணு மணி நேரத்துல நான் அவர் வயித்தக் கிழிச்சிருப்பேன்!" எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் அவரே சொன்னார். "இன்னைக்குத் திறக்க வேணாம். உப்ப சரி பண்ணுவோம். நாளைக்குக் காலை வரைக்கும் பாப்போம். அசையலன்னா திறந்துதான் ஆகணும்." கையெழுத்துப் போடாத காகிதத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

காமாட்சியக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அவரைப் பற்றி நினைத்தது அவருக்குத் தெரியாது. "அழாத. தாகம்னு புருஷன் கேட்டா கை நீளத்தான் செய்யும். நா பயந்தாங்கொள்ளி, அதான் கேட்டேன். நீ தைரியசாலி, கேக்கல" என்றார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

பாட்டிலைச் சிஸ்டர் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பொட்டாசியம் ஒரு சின்ன மெஷின் வழியாக மெதுமெதுவாக ஏறியது. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். நரம்பு எரிகிறது என்று இவர் கத்தினார். சில மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "கொஞ்சம் ஏறியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையான சோதனை அதற்கப்புறம்தான். புத்தி தெளியத் தெளிய இவர் தண்ணீர் கேட்டார். நான் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். பஞ்சைப் பல்லால் கடித்து இழுத்தார். "ஒரு வாய்டி. ஒரே வாய். முந்தாநேத்து குடுத்தியே, இப்ப இன்னா?" இல்லை என்றேன். "கொலகாரி. என்னைக் காய வச்சிக் கொல்லப் பாக்குற" என்றார். முப்பது வருடத்தில் என்னை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. கொடுத்தபோது கொலைகாரியாக இருந்தேன், அப்போது அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். கொடுக்காதபோது திட்டுகிறார். கையை மடியில் கட்டிக்கொண்டு, "ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஜெபத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சபையில் ஆராதனை நடக்கிற நேரம். அங்கே எல்லாரும் பாடிக்கொண்டிருப்பார்கள், நான் இங்கே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இவர் கால் பிரேக்கை மிதிப்பதை நிறுத்தியிருந்தது. பெரிய டாக்டர் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சாட்சியில் இதை விட்டால் வேறு எதைச் சொல்வது? காற்று பிரிந்தது. சின்னதாக இல்லை, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி.

காமாட்சியக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாக்கா!"

"சாமி!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான், "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். வசந்தா சிஸ்டர் ஓடி வந்தார். ஒரு மனுஷனுக்குக் காற்று பிரிந்ததற்கு மூன்று பெண்கள் கண்ணீர் விட்டதை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். இவர் கண்ணைத் திறந்து, "எதுக்குடி அழுவுற?" என்றார். என்னைத் தெரிந்தது. நீ யார் என்று கேட்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு இவர் போகவில்லை. பையில் வந்தது தானாகக் குறைந்தது. செவ்வாய்க்கிழமை குழாயை எடுத்தார்கள். சிஸ்டர் அலமாரியைத் திறந்து என் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கவில்லை. "சிஸ்டர், இதுல கொஞ்சம் குடுக்கலாமா?" என்று கேட்டேன். முதல் தரமாகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது நாலு நாள் பழசு, கீழ ஊத்திட்டு நல்ல தண்ணி புடி. ஜெபத்த இங்கயே பண்ணிக்கோ. முப்பது மில்லி, அதுக்கு மேல போவக் கூடாது. நீயே எழுது."

ஜெபித்தேன். அளந்து கொடுத்தேன். அட்டையை வாங்கி, வாய் வழி என்று இருந்த கட்டத்தில், "ஜெபத் தண்ணீர் 30" என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் நான் சொல்லி அவர்கள் எழுதிய பூஜ்யம்.

இப்போது நான் விழுங்கிய பாதிக்கு வருகிறேன். இவர் தேறி வந்தபின் சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். "டாக்டர்கள் திரும்பவும் ஆபரேஷன் என்றார்கள், ஜெபத் தண்ணீர் கொடுத்தேன், ஆபரேஷன் இல்லாமலே ஆண்டவர் சுகம் தந்தார்" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. வரிசையைத்தான் மாற்றிப் போட்டேன். எல்லாரும் கைதட்டினீர்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ரெஜினா என்கிற சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனுக்கு இரண்டு நாளுக்கு முன் வயிற்றில் ஆபரேஷன். "மூக்குல கொழாய் வச்சிருக்காங்கக்கா. நீங்க குடுத்த மாதிரியே நானும் குடுக்கப் போறேன்" என்று தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பெரிய பாட்டில். "தைரியமா இரும்மா" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

பத்தடி நடந்திருப்பேன். அந்தக் குவளையின் நிறம் கண் முன்னால் வந்தது. திரும்பி ஓடினேன். செருப்பு அறுந்தது, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். ரெஜினா ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தார். கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"குடுக்காத. வாயில குடுக்காத. நா குடுத்துதான் அவரு சாவக் கெடந்தாரு."

"அப்போ உள்ள சொன்னது?" என்றார். அந்த முகத்தை நான் என்ன சொல்வேன்.

"பாதி சொன்னேன்" என்றேன். ரோட்டிலேயே நின்று மீதியைச் சொன்னேன். ரெஜினா அந்தப் பாட்டிலை மகன் தலைமாட்டில் வைத்து ஜெபித்தார். சிஸ்டர் சொன்ன நாளில், சொன்ன அளவில் கொடுத்தார். பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

பாஸ்டர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தண்ணீருக்கு ஜெபித்து முடித்ததும், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறவங்க கையத் தூக்குங்க" என்கிறார். தூக்கியவர்களிடம், "மொதல்ல நர்ஸக் கேளுங்க. அவங்க வேணாம்னா நெத்தியில பூசுங்க" என்கிறார்.

இவருக்கு அந்த நாட்கள் சரியாக நினைவில்லை. என் வாயாலேயே சொன்னேன். கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "குடுத்தது எனக்கு ஞாபகம் இல்ல. கெஞ்சினப்ப நீ குடுக்காம ஒக்காந்திருந்தியே, அது ஞாபகம் இருக்குது. அன்னைக்கு ஒன்ன இன்னான்னு திட்டுனேன்னும் ஞாபகம் இருக்குது. மனசுல வச்சிக்காத."

அன்பானவர்களே, ஜெபிப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. இன்றைக்கும் காலையில் பாட்டிலை வைத்துத்தான் ஜெபிக்கிறேன். ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் கட்டாயம் காட்டுவார். ஆனால் யாருடைய குற்றத்தைக் காட்டுவார் என்பது நம் கையில் இல்லை. விரல் உங்கள் பக்கமே நீண்டால் பயப்படாதீர்கள், அதுதான் நீங்கள் கேட்ட பதில். வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கும்போது திறந்தேன். இதை எழுதுகிற இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு, என் கணவர் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றப் போயிருக்கிறார்.